செப்டிக் டேங்க்கின் மறுபாதி பிறந்த கதை

தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியிலோ பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ புதிதாக வீடு கட்டுகிறவர் மேஸ்திரியிடம் முதலிலேயே பேசி முடிக்கும் விஷயங்களில் செப்டிக் டேங்க்கும் ஒன்று. மேஸ்திரி அநேகமாக இப்படித்தான் சொல்வார்: "பத்துக்கு எட்டு போட்டுரலாம்ண்ணா. உங்க ஆயுசுக்கும் மூடியத் திறக்க வேண்டியதில்ல." வீட்டுக்காரருக்கும் அந்த வார்த்தைதான் வேண்டும். மாடிப்படிக்குக் கீழேயோ வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கீழேயோ தொட்டியைக் கட்டி, மேலே டைல்ஸ் ஒட்டி, அதோடு மறந்துவிடுகிறார். மூடி எங்கே இருக்கிறது என்பதே சில வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரியாது.

திறக்கவே வேண்டாத தொட்டி என்ற இந்த ஆசையை நம் மேஸ்திரிகள் கிளப்பிவிடவில்லை. செப்டிக் டேங்க் பிறந்ததே அந்த ஆசையில்தான்.

கிழக்கு பிரான்சில் வெசூல் என்று ஓர் ஊர். 1860 வாக்கில் அங்கே ஜான் லூயி மூரா என்பவர் ஒரு வீட்டுக்குக் காற்றுப் புகாத தொட்டி ஒன்றைக் கட்டினார். கழிப்பறையிலிருந்து வந்ததும் அடுக்களையிலிருந்து வந்ததும் அதில் விழுந்தன. உள்ளே வரும் குழாயின் வாயும் வெளியே போகும் குழாயின் வாயும் நீர்மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருந்தன. அதனால் நாற்றம் வெளியே வரவில்லை, காற்று உள்ளே போகவில்லை. அந்தக் காலத்து ஐரோப்பிய ஊர்களில் மலக்குழியை இரவில் ஆள் வைத்து அள்ளி வண்டியில் ஏற்றிப்போவதுதான் வழக்கம். மூராவின் தொட்டியைச் சுமார் 12 ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது, அள்ளுவதற்கென்று உள்ளே அதிகம் இருக்கவில்லையாம்.

1881இல் மூரா அதற்குக் காப்புரிமை வாங்கினார். அறிவியல் எழுதிவந்த பாதிரியார் முவாஞ்ஞோ அதைத் தன் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தார். கண்ணாடிச் சுவர் வைத்த மாதிரித் தொட்டி ஒன்றைக் கட்டி நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதில் போட்ட மலம் மூன்று வாரம் ஆவதற்குள் உருத்தெரியாமல் கரைந்துபோனது. வெங்காயத் தோல் மாதிரியான அடுக்களைக் கழிவு முதலில் மிதந்தது, பிறகு மெல்லக் கீழே இறங்கியது. ஏன் கரைகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல அவர்களால் முடியவில்லை. காற்றே இல்லாத இடத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்று லூயி பாஸ்டர் 1861இல்தான் அறிவித்திருந்தார். வெசூல் தொட்டிக்குள் வேலை பார்த்தவை அந்த வகைதான். அள்ள ஆள் வேண்டாம், தொட்டி தன்னைத்தானே காலி செய்துகொள்ளும் என்பதுதான் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தி.

இன்று நாம் சொல்லும் பெயரை வைத்தவர் இன்னொருவர். இங்கிலாந்தின் எக்ஸ்டர் நகரத்தில் நகராட்சிப் பொறியாளராக இருந்த டொனால்டு கேமரன் 1895இல் ஒரு பெரிய மூடிய தொட்டியைக் கட்டினார். பல வீடுகளின் சாக்கடையை ஒன்றாகச் சேர்த்து அதற்குள் விட்டார். தொட்டியில் உண்டான வாயுவைப் பிடித்து அங்கேயே விளக்கு எரித்தும் காட்டினார். பிறகு அவருடைய காப்புரிமையைக் கையில் வைத்திருந்த நிறுவனம், இதே முறையில் தொட்டி கட்டிய அமெரிக்க ஊர்கள்மீது வழக்குப் போட்டது. 1913இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை அந்தச் சண்டை போனது. ஊரின் சாக்கடைக்கு உரிமைத்தொகை கேட்டு நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்கு அன்று அந்தத் தொட்டிக்கு மவுசு.

இந்தியாவுக்கு அது வரத் தாமதமாகவில்லை. 1890களின் கடைசியிலேயே மும்பை மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் இத்தகைய தொட்டி கட்டி, அதன் வாயுவைக் கொண்டு இயந்திரம் ஓட்டினார்கள். பாப்பாரப்பட்டிக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒருவர் நினைவுக்கு வருவார். இங்கே ஆசிரமம் அமைத்து, 1925 ஜூலை 23 அன்று இங்கேயே உயிர் நீத்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவுக்கும் சிறையில் வந்த நோய் அதுதான். அந்த நோயைக் காரணம் காட்டி அவரை ரயிலில் ஏற விடவில்லை. அவர் நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஊரார் தொட அஞ்சிய மனிதர்களின் கழிவை யார் கையும் படாமல் கரைக்க ஒரு வழி பிறந்தது என்றால் அது சின்னக் காரியமில்லை. எடுப்புக் கக்கூஸில் ஒரு சமூகத்து மக்களை மட்டும் காலங்காலமாக மலம் அள்ள வைத்திருந்த நாட்டில், இந்தத் தொட்டி உண்மையிலேயே ஒரு விடுதலையாக வந்திருக்க வேண்டும்.

பெரிய நகரங்கள் வேறு பாதையில் போயின. 1914இல் மான்செஸ்டரில் எட்வர்டு ஆர்டர்னும் வில்லியம் லாக்கெட்டும், சாக்கடை நீருக்குள் காற்றை ஊதி, அதிலேயே வளரும் நுண்ணுயிர்க் கூழைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சில மணி நேரத்தில் நீர் தெளிகிறது என்று காட்டினார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இன்று நகரங்களில் ஓடும் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் மிகப் பல அந்த முறையின் வாரிசுகள். ஆனால் அந்த முறைக்கு முதல் தேவை பாதாளச் சாக்கடை. வீடுவீடாகக் கழிவு குழாய் வழியே அங்கே வந்து சேர வேண்டும்.

நம் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடை வராததற்குப் பணம் ஒரு காரணம். தண்ணீர் இன்னொரு காரணம், அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சாக்கடைக் குழாய் அடைக்காமல் இருக்க வேண்டுமானால் உள்ளே ஓடும் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தையாவது எட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் திடக்கழிவு அடியில் தங்கிவிடும். அதனால்தான் மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டு நூல், பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றும், இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்றும் கணக்கு வைத்தது. தருமபுரி மாவட்டத்தில் 135 லிட்டர் என்பது கோடைகாலத்தில் நினைத்துப் பார்க்கவும் முடியாத அளவு. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு ஏறி, பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக மக்கள் பல பத்தாண்டுகள் தவித்த மாவட்டம் இது. ஜப்பானியக் கடனுதவியோடு 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் காவிரி இங்கே குழாயில் வந்தது.

தண்ணீர் வந்தால் கழிவுநீரும் வரும். கொடுத்த நீரில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. ஆளுக்கு 70 லிட்டர் என்றாலும் ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு 280 லிட்டர். அதில் கழிப்பறையிலிருந்து போகும் சிறு பங்குதான் செப்டிக் டேங்க்குக்குப் போகிறது. குளித்த நீர், துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர் எல்லாம் தெருச் சாக்கடைக்கு. தெருச் சாக்கடை எங்கே முடிகிறதோ அங்கே ஓர் ஏரியோ ஓடையோ இருக்கும். இந்த மாவட்டத்துக்காரர்கள் இன்னொன்றையும் மறக்க முடியாது. பெங்களூருவின் கழிவைச் சுமந்துவரும் விருஷபாவதி அர்க்காவதியில் கலந்து, அர்க்காவதி சங்கமத்தில் காவிரியில் சேர்ந்து, அந்த நீர்தான் மேகதாட்டு தாண்டி ஒகேனக்கல்லுக்கு வருகிறது. மேலே இருப்பவர் விட்டதைக் கீழே இருப்பவர் குடிக்கிறார் என்பது நமக்குப் பாடப்புத்தக விஷயமில்லை.

திரும்பவும் தொட்டிக்கு வருகிறேன். வெசூலில் சொன்னது முழு உண்மையில்லை. தொட்டிக்குள் மூன்று அடுக்கு உருவாகும். எண்ணெயும் நுரையும் ஏடாக மேலே மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர். அடியில் கசடு. காற்றில்லா நுண்ணுயிர்கள் கசட்டில் ஒரு பங்கைத் தின்று வாயுவாக்கும், ஆனால் எல்லாவற்றையும் தின்று தீர்க்காது. மிச்சம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஏற ஏற நடுவில் இருக்கும் நீரின் இடம் சுருங்கும். ஒரு கட்டத்தில் உள்ளே வந்தது வந்தபடியே வெளியே போகும். தொட்டி இருக்கும், அது செய்ய வேண்டிய வேலை மட்டும் நடக்காது.

அதனால்தான் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசட்டை எடுக்க வேண்டும் என்பது விதி. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதாக இருந்தால், 1.5 மீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் உள்ளே ஒரு மீட்டர் நீர் ஆழமும் உள்ள தொட்டி போதும் என்கிறது ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரநிலை. அதாவது ஐந்தடிக்கு இரண்டரை அடி. மேஸ்திரி சொன்ன பத்துக்கு எட்டை இதோடு வைத்துப் பாருங்கள். அத்தனை செங்கல்லும் சிமெண்ட்டும், மூடியைத் திறக்கும் நாளைத் தள்ளிப்போடுவதற்காக மட்டுமே மண்ணுக்குள் போகின்றன. பல வீடுகளில் அடியில் காங்கிரீட்டும் போடுவதில்லை. நாலைந்து உறையை இறக்கி அதையே செப்டிக் டேங்க் என்கிறார்கள். நீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருப்பதால் அது நிறைவதில்லை. "இருபது வருஷமா எடுக்கவே இல்லைங்க" என்று பெருமையாகச் சொல்லும் வீட்டில் அந்தக் கழிவு எங்கேயோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்துப் போர்வெல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நிறைந்த நாளில் என்ன செய்வது? இங்கேதான் இந்தத் தொட்டியின் கதையில் மன்னிக்க முடியாத பகுதி வருகிறது. ஆளை இறக்கினார்கள். காற்றில்லா நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுக்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒன்று. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவருக்கு நினைவு தப்ப சில நொடிகளே போதும். காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அப்படியே போன செய்திகளைத் தமிழ்நாட்டில் நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். அள்ள ஆள் வேண்டாம் என்று சொல்லி வந்த தொட்டி, முன்பு அள்ளிக்கொண்டிருந்த அதே மக்களைக் குழிக்குள் இறக்கிக் கொன்றது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் உரிய பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டிய நிலை இருந்தது என்பதே சட்டம் எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பதைச் சொல்லிவிடும்.

ஆளுக்குப் பதில் லாரி வந்தது. நிச்சயமாக இது முன்னேற்றம். டிராக்டரிலோ லாரியிலோ பொருத்திய நாலாயிரம், ஆறாயிரம் லிட்டர் டாங்க், வாக்குவம் பம்பு, பருத்த ஹோஸ். கசடு இறுகிக் கிடந்தால் தண்ணீர் அடித்து, நீளமான கழியால் கலக்கிவிட்டுத்தான் உறிஞ்ச முடியும். அரை மணி நேரத்தில் வீட்டுக்காரர் பணம் கொடுத்து அனுப்பிவிடுவார். லாரி எங்கே போகிறது என்று அவர் கேட்க மாட்டார்.

கேட்டிருந்தாலும் டிரைவரிடம் நல்ல பதில் இருந்திருக்காது. ஊருக்கு வெளியே ஓடை, ஏரிக்கரை, வனத்தை ஒட்டிய பள்ளம், நெடுஞ்சாலை ஓரம் என்று இருட்டில் திறந்துவிட்டுப் போவதுதான் நடந்தது. பெங்களூருவைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயிகளே லாரியைக் கூப்பிட்டுத் தோட்டத்துக் குழியில் கொட்டச் சொன்னதுண்டு. அதில் தழைச்சத்து இருப்பது அவர்களுக்குத் தெரியும். குடற்புழு முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதுதான் தெரியாது. லாரிக்காரரை மட்டும் குற்றவாளி ஆக்குவது எனக்குச் சம்மதமில்லை. கொட்டுவதற்கு ஓர் இடத்தை அரசு காட்டாதவரை அவர் எங்கே கொட்டியிருந்தாலும் தப்புதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்திய நகர்ப்புற வீடுகளில் 32.7 சதவீதம் பாதாளச் சாக்கடையிலும் 38.2 சதவீதம் செப்டிக் டேங்க்கிலும் இருந்தன. அதிகம் பேர் நம்பியிருந்த முறைக்குத்தான் முடிவிடம் இல்லாமல் இருந்தது.

அந்த இடம் பிறந்த கதைதான் மறுபாதி. 2014 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, செப்டிக் டேங்க் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. தேசியக் கொள்கை 2017இல்தான் வந்தது என்பதை வைத்துப் பார்த்தால் இது முந்திக்கொண்ட முடிவு. 2015இல் பெங்களூருவுக்கு வடக்கே தேவனஹள்ளியில், ஊர் அளவில் கசட்டை மட்டும் சுத்திகரிக்கும் நிலையத்தை சிடிடி சொசைட்டி என்ற அமைப்பு கட்டியது. கொள்ளளவு நாளொன்றுக்கு 6,000 லிட்டர், அதாவது ஒன்றிரண்டு லாரி. ஒரு சிறு ஊருக்கு அவ்வளவு போதும் என்று தைரியமாகச் சிறியதாகக் கட்டியதுதான் அதன் சிறப்பு. 2017இல் மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழி பேரூராட்சியில் தமிழ்நாட்டின் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 23,000 லிட்டர். மதுராந்தகம் நகராட்சிக்கும் சேர்த்து. கோயம்புத்தூர் பக்கம் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் ஆகிய இரண்டு பேரூராட்சிகளுக்கும் சேர்த்து ஒரு நிலையம் திட்டமிடப்பட்டது. மாநகராட்சி தொடங்கி வைத்து, நகராட்சிக்கு வந்து, கடைசியில் பேரூராட்சிக்கு இறங்கும் வழக்கமான வரிசை இங்கே தலைகீழாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்த வகை நிலையத்தில் பிரமிப்பான இயந்திரம் எதுவும் இருக்காது. லாரி வந்து கம்பி வலையின் மேல் ஹோஸைத் திறக்கும். துணி, பிளாஸ்டிக், நாப்கின் எல்லாம் அங்கேயே நிற்கும். கசடு ஒரு பாத்திக்குள் பாயும். கீழே பெரிய ஜல்லி, அதற்கு மேல் பொடி ஜல்லி, மேலே மணல். ஓர் அடிக்கும் குறைவான உயரத்துக்குத்தான் கசட்டை விடுவார்கள். நீர் மணலில் வடியும், மீதியை வெயில் உலர்த்தும். முதலில் பளபளப்பு போகும், பிறகு வெடிப்பு விடும், நல்ல வெயிலில் இரண்டு வாரத்தில் கோடைகால ஏரி வண்டல் மாதிரி பாளம் பாளமாகப் பெயரும். மண்வெட்டியால் வாரிக்கொள்ளலாம். மழைக்கு மட்டும் மேலே ஒளி புகும் தகடு போட வேண்டும். தருமபுரி போன்ற மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்!

வடிந்த நீர் அப்படியே விடக்கூடியதில்லை. அது தடுப்புச் சுவர்கள் வைத்த மூடிய தொட்டிக்குள் ஏறி இறங்கிப் போகும். அடுத்து, கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மிச்சத்தைத் தின்னும். கடைசியில் ஆழமில்லாத குளம், வெயில் பட்டுக் கிருமி சாக. தரையின் சரிவைப் பார்த்துக் கட்டினால் மின்சாரம் ஏறக்குறைய வேண்டாம். ஓர் ஆள் காலையில் வந்து வால்வைத் திருப்பி, பாத்தியைப் பார்த்து, கணக்கு எழுதினால் ஓடும். கரண்ட் பில்லுக்கும் ஆபரேட்டருக்கும் வழியில்லாமல் பூட்டிக்கிடக்கும் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உலர்ந்த கசட்டை உடனே வயலுக்குக் கொடுக்கக் கூடாது. புழு முட்டைகள் சாக அதை மாதக்கணக்கில் அடுக்கி வைக்க வேண்டும், அல்லது ஊரின் மக்கும் குப்பையோடு சேர்த்துச் சூடேறும்படி கம்போஸ்ட் ஆக்க வேண்டும். தேவனஹள்ளியில் இரண்டாவது வழியைச் செய்து காட்டினார்கள்.

ஊருக்கு ஒரு நிலையம் தேவையில்லை, பக்கத்துப் பேரூராட்சிகளைச் சேர்த்து ஒன்று போதும் என்பது தமிழ்நாடு எடுத்த வழி. ஆனால் டீசலும் கணக்கில் சேரும். நிலையம் தூரமாக இருந்தால் லாரி திரும்பவும் ஓடைப்பக்கம் போகும். கசடு லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று இப்போது விதி இருக்கிறது. கொட்டும் இடம் கிட்டத்தில் இருக்கும் ஊரில்தான் அந்த உரிமத்துக்குப் பொருள். 2021இல் தொடங்கிய தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்தில், ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களின் கழிவுநீருக்கும் முதல்முறையாக நிதி ஒதுக்க வழி வந்திருக்கிறது. தெருச் சாக்கடை ஏரியில் விழும் இடத்தில் அதே தடுப்புத் தொட்டியையும் அதே கல்வாழைப் படுகையையும் பெரிதாகக் கட்டினால், குளித்த நீரும் துவைத்த நீரும் தெளிந்து ஏரிக்குள் போகும். அதைக் கட்டப் புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பாப்பாரப்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கசடு உரத்தைப் பற்றி விவசாயிகள் கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்த நிலையம் பதில் சொல்லப் பழகியவை: எந்தப் பயிருக்கு ஆகும், தரையில் படரும் காய்கறிக்கு ஏன் ஆகாது, மரப்பயிருக்கும் மாந்தோப்புக்கும் எவ்வளவு போடலாம், எத்தனை மாதம் ஆறவைத்தது என்று எப்படி உறுதி செய்வது. இந்த வட்டாரத்துப் பேரூராட்சிகள் சேர்ந்து ஓரிரண்டு ஏக்கர் புறம்போக்கை ஒதுக்கினால், அந்த நிலையமும் பக்கத்தில் நின்றால், இங்கேயும் பாத்தி கட்டலாம். வீட்டு வரி ரசீதோடு, டேங்க் கடைசியாக எடுத்த தேதியையும் பேரூராட்சி அலுவலகம் எழுதி வைத்து, மூன்றாவது ஆண்டில் லாரியைத் தானாகவே வாசலுக்கு அனுப்ப வேண்டும். மேஸ்திரியும் அப்போது ஐந்தடிக்கு இரண்டரை அடி போட்டுத் தருவார். மூடியை டைல்ஸுக்குக் கீழே புதைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பார்.